மெழுகில் பதிந்த பல்

— ரெண்டு பாக்கெட்டையும் வெளிய இழுத்துக் காட்டுங்க மச்சான்.

— பதினாறு வருஷமா ஊர் சனத்துக்கெல்லாம் நான் சொல்ற வசனத்த எனக்கே சொல்றியா நீ?

— எல்லாருக்கும் ஒரே விதிதான். பேன்ட் மடிப்பையும் பிரிச்சு விடுங்க. விதை ஏதாவது ஒட்டியிருக்கும்.

— ஒட்டியிருக்கும், ஒட்டியிருக்கும். மடிப்புக்குள்ள மளிகைக் கடை வச்சிருக்கேன் பாரு. இந்தா, பாத்துக்கோ. கொஞ்சம் பஞ்சு, ஒரு பட்டன். அவ்வளவுதான் என் சொத்து.

— அந்த பிரஷ்ஷால செருப்போட அடிப்பக்கத்தத் தேய்ங்க.

— உன் தலையில தேய்க்கிறேன். அமைச்சரோட மச்சினன் வந்தப்பக்கூட ஷூவக் கழட்ட வச்சுத்தான் என் படகுல ஏத்தினேன், தெரியும்ல? கல்யாணமாகி ஒரு வாரம் ஆன பொண்ணு ஒருத்தி, கைப்பையக் கவுத்துக் கொட்டுன்னேன். அழுதே போட்டா. புருஷங்காரன் எம்மேல கைய ஓங்கிட்டான். கொட்டினாத்தான் படகு கெளம்பும்னு எஞ்சினை அணைச்சுட்டு உக்காந்துட்டேன்.

— தெரியும் மச்சான். வெளிக்கதவ நல்லா சாத்துங்க. அது பூட்டினாத்தான் நான் உள்கதவத் தொறக்க முடியும்.

— உள்கதவத் தொறக்க வேணாம். நான் தீவுக்குள்ள வர வரல. உங்கிட்டப் பேச வந்தேன். இந்த சோதனை ரூமே போதும். ஜன்னல் இல்ல, ஒட்டுக் கேக்க ஆள் இல்ல.

— மூட்டைய பிரிக்கும்போது எலி கிலி தாவினா பறவைங்க இருக்கிற பக்கம் ஓடிடக் கூடாதுன்னு கட்டின ரூம் இது.

— அதான் சொல்றேன். ஓட முடியாது. உக்காரு.

— தண்ணி குடிக்கிறீங்களா? முகமே சரியில்ல.

— வாந்தி எடுத்தேன். சிரிக்காத. உன் டிபார்ட்மென்ட்டு ரப்பர் படகுல என்னை ஒரு மூட்ட மாதிரி நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தான். இந்தக் கடல்ல நான் பயணியா வந்தது இதான் முதல் தடவ. சுக்கான் கையில இல்லன்னா வயிறு பேச்சுக் கேக்க மாட்டேங்குது. அவன் வேற, அரை மணி நேரம்தான் நிப்பேன், பெரியவரேன்னு சட்டம் பேசுறான்.

— எப்படி வர விட்டாங்க உங்கள?

— மாத்திரை குடுக்கணும்னு சொன்னேன். என் தங்கச்சி உண்மையாவே குடுத்துவிட்டா. பிரஷர் மாத்திரை. இந்தா. எண்ணிப் பாத்துக்கோ, நான் எண்ணிட்டேன், ரெண்டு குறையுது. கடைக்காரன் திருடிட்டான்.

— அவ எப்படி இருக்கா?

— மாசத்துல இருபது நாள் நீ இந்தத் தீவுல கெடக்கிற வரைக்கும் அவ நல்லாத்தான் இருப்பா. பேச்ச மாத்தாத. வெள்ளிக்கிழமை கூட்டம். லெட்டர் வந்திருக்கு. எதுத்த வீட்டு டீச்சர் படிச்சுச் சொன்னா. அவ ஏதாவது விட்டுட்டுப் படிச்சிருப்பாளோன்னு மெடிக்கல் கடையில குடுத்து இன்னொரு தடவ படிக்கச் சொன்னேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சொல்றாங்க. எலி அகப்படலன்னா அஞ்சு வருஷத்துக்குப் பார்வையாளர் யாரும் இங்க கால் வைக்கக் கூடாதாம். என் பர்மிட்டு ரத்தாம். எனக்கு அறுபத்தெட்டு மாப்ள. அஞ்சு வருஷம் கழிச்சு யாரு வந்து படக ஓட்டுவா, என் ஆவியா?

— நான் என்ன பண்ணட்டும் மச்சான்? மெழுகுக் கட்டியில எலிப் பல் தடம் விழுந்துச்சு. காவலுக்கு இருக்கிறவன், எழுதி அனுப்பினேன்.

— நாப்பது நாளாச்சு. என் படகு கரையில ரெண்டு கட்டை மேல ஏறி உக்காந்திருக்கு, சீல் வச்சு. மரம் தண்ணியில ஊறிக் கெடந்தாத்தான் மரம். வெயில்ல காயக் காயப் பலக விரியுது. தினம் போயி வாளி வாளியா தண்ணி ஊத்துறேன். போறவன் வர்றவன்லாம் என்ன பெரியவரே, செடி வளக்குறீங்களான்னு கேக்குறான்.

— எனக்கும் வருத்தம்தான்.

— இரு, உன் வருத்தத்த அப்புறம் பாப்போம். போன வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. அந்த மேலதிகாரி அம்மா மேசையில போட்டோவ வரிசையாப் பரப்பினாங்க. தீவு பூரா நீ குச்சி குச்சியா நட்டு மெழுகுக் கட்டி கட்டி வச்சிருக்கேல்ல, கடலை வாசனை போட்டு? எலி வந்தா அதத்தான் முதல்ல கடிக்கும், தடத்த வச்சுக் கண்டுபிடிச்சிடலாம்னு? அந்தக் கட்டிங்க. பதினோரு போட்டோ. இது மாதிரி தடம் உங்க படகுல எங்கயாவது பாத்திருக்கீங்களான்னு கேட்டாங்க. நான் குனிஞ்சு பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்குக் கண்ணு தெரியலன்னு நினைச்சு அந்தம்மா தன் மூக்குக் கண்ணாடியக் கழட்டி நீட்டினாங்க.

— நல்ல அம்மா அவங்க.

— நல்லவங்களான்னு நான் கேட்டேனா? எல்லாம் மேக்குக் கரையில எடுத்தது. முதல் கட்டிக்கும் கடைசிக் கட்டிக்கும் அஞ்சு வாரம். தேதி போட்டோவுலயே இருக்கு. எழுத்துதான் எனக்கு வராது, நம்பரு வரும். தடத்துல ரெண்டு பல்லு. இடது பல்லு ஓரத்துல ஒரு சில்லு தட்டியிருக்கு. பாத்தியா அத?

— கவனிக்கல.

— பதினோரு கட்டியிலயும் அதே சில்லு. அதே எடம். அதே அளவு.

— ஒரே எலின்னா அப்படித்தானே இருக்கும்?

— எலிப் பல்லு நகம் மாதிரி வளந்துக்கிட்டே இருக்கும். வளர்றதத் தேய்க்கத்தான் கண்டதையும் கடிக்குது. சில்லு தட்டினா ரெண்டு மூணு வாரத்துல தேஞ்சு புதுசாயிடும். இத யார் எனக்குச் சொன்னது? நீதான். முதல் வருஷம், பார்வையாளருக்குச் சொல்லணும்னு என்னை மனப்பாடம் பண்ண வச்சே. படிச்சவனுக்கு புஸ்தகம் இருக்கு, மறந்துட்டாப் பாத்துக்கலாம். எனக்கு எது இருக்கு? அதனால மறக்க மாட்டேன்.

— மச்சான், அதிகாரிங்களே ஒண்ணும் சொல்லல…

— அவங்க ஒவ்வொரு போட்டோவையும் தனித்தனியா அளந்திருப்பாங்க. எலியா, ஆமா எலிதான், சரி, ஃபைலுக்குள்ள போடு. அடுத்தது. பதினொண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். எனக்கு வேற வேலை இல்லேல்ல, நீதான் வேலையில்லாம ஆக்கிட்டியே. அந்தக் கண்ணாடிப் பெட்டிய ஏன் துணி போட்டு மூடி வச்சிருக்க?

— எது? அதுவா? தூசி படியுது.

— தூசி! எறும்பு நுழைஞ்சாக்கூட எழுதி வைக்கிற ரூமுல தூசி! எடு அத.

— மச்சான், அது டிபார்ட்மென்ட் பொருள்.

— நீ எடுக்கலன்னா நான் எடுக்கிறேன். நகரு. இதான், இந்தத் தீவுல கடைசியாச் செத்த எலியோட மண்டை. பதினாறு வருஷமா எத்தன ஆயிரம் பேருக்கு இதக் கையில புடிச்சுக் காட்டியிருப்பேன். எட்டு வருஷத்துக்கு முன்னாடி கை தவறிக் கீழ போட்டது யாரு? நான். பல்லு ஓரம் பேந்துச்சு. பரவாயில்ல மச்சான், யாரு பாக்கப் போறான்னு சொன்னது யாரு?

— நான்தான் சொன்னேன்.

— ஆமா. யாரும் பாக்கல. போட்டவன் பாத்துட்டான். இது என்ன, பல்லு இடுக்குல?

— அழுக்கா இருக்கும்.

— மோந்து பாரு. கடலை வாசனை. செத்துப் பதினாறு வருஷம் ஆன எலி எப்பய்யா கடலை தின்னுச்சு?

— குரல ஏத்தாதீங்க மச்சான். உக்காருங்க.

— உக்கார மாட்டேன்.

— சரி, நின்னுக்கிட்டே கேளுங்க. நான்தான் அமுக்கினேன். பதினோரு கட்டியிலயும் நான்தான்.

— சொல்லிட்டியா? இல்லன்னு நீ சாதிப்பேன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் கத்துவோம், ஒருவேளை நம்ம கண்ணுதான் தப்போன்னு நான் வீட்டுக்குப் போயிடுவேன்னு நினைச்சேன். இவ்வளவு சுருக்கா ஒத்துக்கிட்டா நான் என்ன பண்றது?

— ஏன்னு கேக்க மாட்டீங்களா?

— கேக்க என்ன இருக்கு? போன வருஷம் உனக்கு ஒரு கடுதாசி வந்துச்சே. பதினாறு வருஷமா எலி இல்ல, அப்புறம் ஆள் எதுக்கு, கேமரா மாட்டினாப் போதும்னு. என் தங்கச்சி மூக்கச் சிந்திக்கிட்டு வந்து சொன்னா. எலி இல்லாத தீவுக்குக் காவல்காரன் வேணாம். சரி, எலி வந்துட்டா? வேணும்ல? உன் வேலைய நீ காப்பாத்திக்கிட்ட. அதுக்கு என் படகத் தூக்கிக் கரையில போட்ட.

— அப்படியே வச்சுக்குங்க.

— வச்சுக்கிறதுக்கு இது என்ன மிட்டாயா? உனக்குக் குடல்வால் வெடிச்சப்ப வந்தது யாரு? அந்த ரப்பர் படகுக்காரனா? அலையப் பாத்துட்டு அவன் போனையே எடுக்கல. நான் வந்தேன். உன் தலைய மடியில போட்டுக்கிட்டு ஒத்தக் கையில சுக்கான் புடிச்சேன். என் சட்ட பூரா நீ எடுத்த வாந்தி. நான் யாரையாவது நம்புற ஆளா, சொல்லு? டீசல் ஊத்தினா டேங்குல குச்சி விட்டுப் பாப்பேன். பெத்த மகன் போன் பண்ணி நல்லா இருக்கேன்னா, மருமககிட்டக் குடுன்னு சொல்லி அவகிட்ட ஒரு தடவ கேப்பேன். உன்னை மட்டும் ஒரு நாளும் சோதிச்சதில்ல. மேக்குக் கரையில எலின்னு நீ சொன்னதும், பாவம் மாப்ள, பதினாறு வருஷ உழைப்பு போச்சேன்னு உனக்காக வருத்தப்பட்டேன்யா நான்!

— திட்டி முடிச்சுட்டீங்களா?

— இன்னும் ஆரம்பிக்கல. வெள்ளிக்கிழமை கூட்டத்துல இந்த மண்டைய அந்தம்மா மேசையில வைக்கப் போறேன். பக்கத்துல போட்டோவ வைங்கன்னு சொல்லப் போறேன்.

— வைக்காதீங்க.

— உன் வேலை போகும். குவாட்டர்ஸ் போகும். என் தங்கச்சி இனி என் வாசப்படி மிதிக்க மாட்டா. அதுக்கும் சேத்து உன்னைத்தான் திட்டுவேன்.

— வேலைய விடுங்க. இந்த மண்டை வெளிய வந்தா, மேக்க நடந்தது பொய்னு ஆயிடும். அப்ப தீவ முழுசா முதல்லருந்து அலசுவாங்க.

— அலசட்டுமே! எலியே இல்லாத தீவுல எத அலசுவாங்க?

— இருக்கு.

— என்ன இருக்கு?

— எலி இருக்கு மச்சான்.

— என்ன கதை விடுற? இப்பத்தானே நான்தான் அமுக்கினேன்னு சொன்னே?

— மேக்க அமுக்கினேன். இந்த டப்பாவத் தொறந்து பாருங்க.

— இன்னொரு கட்டி. இது என்ன, பன்னெண்டாவதா?

— இதுதான் முதல்ல கிடைச்சது. போட்டோ எடுக்கல, எழுதல, யாருக்கும் காட்டல. பல்லப் பாருங்க.

— சில்லு இல்ல.

— இல்ல.

— தடமும் ஒல்லியா இருக்கு. எங்க இருந்துச்சு இது?

— கிழக்குத் துறை. நீங்க கயிறு கட்டுற கல்லுலருந்து மூணு அடி தள்ளி ஒரு குச்சி நிக்குமே, அதுல. மேக்க நான் முதல் தடத்த அமுக்கினதுக்கு முந்தின நாள்.

— துறையிலயா?

— உங்க படகத் தவிர வேற எதுவும் அங்க கட்டினதில்ல. சாமானும் உங்க படகுலதான் வரும், சனமும் உங்க படகுலதான் வரும். ரப்பர் படகு எப்பவும் மணல்லதான் ஏறும், இன்னிக்குப் பாத்தீங்கல்ல? இந்தக் கட்டிய அனுப்பியிருந்தா அன்னிக்கே உங்க பேரு வெளிய வந்திருக்கும். ஒரே படகு, ஒரே ஆளு. எலி ஏத்தி வந்த மரப்படகக் கொளுத்தணும்னு விதியிலயே இருக்கு மச்சான். உங்களுக்கு யாரும் படிச்சுச் சொன்னதில்லையா?

— கொளுத்தணுமா?

— கொளுத்தணும். உங்க மேல கேஸு போடணும். நான்தான் முதல் சாட்சி. அதான் இத எடுத்து ஒளிச்சேன். மேக்குக் கரைன்னா, காத்துக்கு ஒதுங்கின ஏதோ மீன் படகுலருந்து எறங்கியிருக்கும், எந்தப் படகுன்னு யாருக்குத் தெரியும்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். ரெண்டு வாரத்துல அடங்கிடும்னு கணக்குப் போட்டேன். அவங்க எல்லாத்தையும் நிறுத்துவாங்கன்னு எதிர்பாக்கல. நிறுத்தினப்புறம் பின்வாங்க முடியல. தடம் நின்னுபோச்சுன்னா கிழக்குப் பக்கம் பாக்க வருவாங்க. அதான் வாரத்துக்கு ரெண்டுன்னு அமுக்கிக்கிட்டே இருந்தேன்.

— எனக்காகவா செஞ்சே?

— குடல்வால் வெடிச்சது உங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்குன்னு நினைச்சீங்களா?

— அப்ப எலிப் பொறியெல்லாம்?

— எல்லாம் மேக்க. நூத்தி இருபது பொறி. எலி மருந்து டப்பாவும் அங்கதான். மோப்ப நாய் ஒண்ணு கொண்டாந்தாங்க, அதையும் மேக்கயே நடத்தி நடத்திக் கால்ல கொப்புளம் வந்து திருப்பி அனுப்பினாங்க.

— கிழக்க?

— எங்கிட்டக் கெடந்த பழைய பொறி நாலு. யாரும் இல்லாத நேரம் பாத்து வைப்பேன், எடுப்பேன். ஒண்ணும் விழல. மருந்து வைக்கணும்னா ஆபீஸ்ல எழுதிக் கேக்கணும். எங்க வைக்கன்னு கேப்பாங்க.

— பறவைங்க என்னாச்சு?

— துறைக்கு மேல சரிவுல அறுபத்து நாலு பொந்து இருக்கு. வருஷத்துக்கு ஒரு பொந்துக்கு ஒரே முட்ட. நேத்து ஒவ்வொரு பொந்தா கைய விட்டுப் பாத்தேன். இருபத்தெட்டுல குஞ்சு இல்ல. ஒண்ணுல பெரிய பறவையே கழுத்துல கடிபட்டு உக்காந்திருந்துச்சு. நான் தொட்டும் அது நகரல. பதினாறு வருஷமா அதுங்களுக்குக் காவல் இருக்கேன்னு சொல்லிக்கிறேன். எலி எங்க இருக்குன்னு தெரிஞ்சே நாப்பது நாளா எலிக்குத்தான் காவல் இருந்திருக்கேன்.

— பைத்தியக்காரா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா நீங்க அடுத்த நிமிஷமே அந்தம்மாகிட்டப் போயி நின்னிருப்பீங்க. என் படகுதான், கொளுத்துங்கன்னு. உங்களத் தெரியாதா எனக்கு? மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு வச்சுக்கத் தெரியாத ஆளு.

— ம்.

— ஒண்ணே ஒண்ண நம்பித்தான் இதுல எறங்கினேன் மச்சான். புதுப்பொண்ணு கைப்பையவே கவுத்துக் கொட்டின மனுஷன் படகுல எலி ஏறியிருக்காது. அந்தப் பெரிய காத்துல ஒரு மரம் அடிச்சுக்கிட்டு வந்து துறைகிட்ட ஒதுங்கிச்சே, அதுலதான் வந்திருக்கும். தப்பே பண்ணாதவரோட படக எதுக்குக் கொளுத்தணும்? ஒவ்வொரு தடவ மண்டைய வச்சு அமுக்கும்போதும் இதத்தான் சொல்லிக்குவேன்.

— மரம்தான். மரத்துலதான் வந்திருக்கும்.

— ஏன் எந்திரிச்சுட்டீங்க? ஓ, நின்னுக்கிட்டுதான இருந்தீங்க. எங்க போறீங்க?

— ரப்பர் படகுக்காரன் கூப்பிடுறான்.

— யாரும் கூப்பிடல. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. மண்டைய மேசையிலயே வச்சுட்டீங்க?

— நீயே வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை நான் ஒண்ணும் பேசல. அஞ்சு வருஷம்னா அஞ்சு வருஷம். கதவத் தொற.

— இவ்வளவு நேரம் குதிச்சீங்க?

— குதிச்சேன். இப்பக் காலு வலிக்குது. தொறடா கதவ.

— தொறக்கிறேன். என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. அப்பப் படகுல எதுவும் இல்லேல்ல?

— அந்த போட்டோவுல சில்லப் பாத்தேன்னு சொன்னேன்ல, அன்னிக்குத்தான் ஒரு மாசத்துக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன். எலியே இல்ல, எல்லாம் உன் திருட்டுத்தனம்னு தெரிஞ்சதும் முதல்ல எனக்குக் கோவம் வரல மாப்ள. சந்தோசம்தான் வந்துச்சு. கோவமெல்லாம் அப்புறம் வரவச்சுக்கிட்டது.

— சந்தோசமா? எதுக்கு?

— படகோட அடிப்பலகைக்குக் கீழ பொறி வைப்பேன்ல. எலி ஒண்ணு விழுந்திருந்துச்சு.

— எப்போ?

— நீ இந்தக் கட்டிய எடுத்ததுக்குப் பத்து நாள் முன்னாடி.

— எங்கிட்ட நீங்க சொல்லல.

— யாருகிட்டயும் சொல்லல. தண்ணியில தூக்கிப் போட்டேன். படகக் கழுவினேன். மறுநாள் பன்னெண்டு பேரு வர்றதா இருந்துச்சு. ஏத்திக்கிட்டு இங்கதான் வந்தேன்.

— செத்துப்போச்சுல்ல? உங்க பொறியில விழுந்தது அங்கயே முடிஞ்சிருச்சு, அது இங்க எறங்கல. அப்ப இந்தத் தடம் வேற எலியோடதுதான். மரத்துல வந்ததுதான். அப்படித்தானே மச்சான்? ஆமான்னு சொல்லுங்க.

— அந்த எலிக்குக் காம்பெல்லாம் பால் கட்டியிருந்துச்சு மாப்ள. படகுக்குள்ள குட்டிங்கள நான் தேடல.